பம்ப்பு அடைச்சா ஆளை எறக்குறது: ஒரு சாயப்பட்டறை தொட்டியில நடந்தது

எங்க, எப்படி ஓடிட்டிருந்துச்சு

திருப்பூர் பக்கத்துல பனியன் துணிக்கு சாயம் போடற ஒரு பட்டறை. சில வருஷம் முன்னாடி, ஏப்ரல் கடைசியில நடந்தது. நான் அப்ப அங்க மெயின்டனன்ஸ் இன்சார்ஜ். பட்டறை பேரோ ஆளுங்க பேரோ வேணாம், நடந்ததை மட்டும் சொல்றேன், இதுல என்னோட தப்பும் இருக்கு, அதையும் மறைக்கல.

2011 ஜனவரில ஹைகோர்ட் உத்தரவுல திருப்பூர் சாயப்பட்டறை எல்லாத்தையும் மூடினது எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம் ஒரு சொட்டு சாயத்தண்ணி வெளிய போகக் கூடாதுன்னு ஆனதுல பட்டறைக்குள்ள பாதி இடம் தொட்டிங்கதான். மெஷின்ல இருந்து வர்ற தண்ணி மொதல்ல வந்து விழறது கலெக்ஷன் தொட்டி. எங்ககிட்ட அது ரெண்டு, பக்கத்து பக்கத்துல, தரைக்கு கீழ 12 அடி ஆழம், மேல கான்கிரீட் மூடி, ஆள் எறங்க 2 அடி சதுரத்துல ஒரு மேன்ஹோல், உள்ள இரும்புப் படி. அடியில சப்மெர்சிபிள் பம்ப்பு.

அந்த பம்ப்பு அடைச்சுக்கும். பனியன் துணில இருந்து வர்ற பஞ்சும் நூலும் சேர்ந்து கயிறு மாதிரி திரிச்சுகிட்டு பம்ப்புக்குள்ள சுத்தற இம்பெல்லர்ல சுத்திக்கும். பத்து பன்னெண்டு நாளைக்கு ஒரு தடவை நடக்கும். அடைச்சா தண்ணிய வெளி பம்ப்பு போட்டு கொறைச்சுட்டு ஒருத்தன் எறங்கி பம்ப்புக்கு கயிறு கட்டுவான், மேல இருந்து தூக்குவோம். நான் சேர்ந்ததுல இருந்து அப்படித்தான், எனக்கு முன்னாடி இருந்தவர் காலத்துலயும் அப்படித்தான். வருஷத்துக்கு முப்பது தடவைக்கு மேல ஆள் எறங்கியிருக்கான், ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகலைங்கறதையே நாங்க பாதுகாப்புன்னு நெனைச்சுட்டு இருந்தோம்.

காகிதத்துல எல்லாம் இருந்துச்சுங்க. தொட்டிக்குள்ள எறங்க பெர்மிட் புக்கு இருந்துச்சு. நாலு வகை வாயு (கேஸ்) அளக்கற மீட்டர் ஒண்ணு, வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்காக வாங்கினது, ஹெச்ஆர் ரூம் பீரோவுல பூட்டி இருந்துச்சு. ஆடிட் அன்னைக்கு வெளிய வரும், சார்ஜ் போடுவோம், மேஜை மேல வெப்போம், ஆடிட்டர் போனதும் திரும்ப பீரோவுக்கு போயிரும்.

அன்னைக்கு காலைல

திங்கக்கிழமை. ஆர்டர் கம்மின்னு சனி ஞாயிறு ரெண்டு நாள் மெஷின் நிறுத்தியிருந்தோம். ரெண்டு நாளும் தொட்டியில தண்ணி அசையாம கெடந்துச்சு, வெயில் வேற சொல்லவே வேணாம்.

8 மணிக்கு மெஷின் ஓட ஆரம்பிச்சதும் மொதல் தொட்டி பம்ப்பு டிரிப் ஆச்சு. ஃபிட்டர் வந்து பாத்துட்டு அடைச்சிருக்குன்னாரு. வழக்கம்போல மெஷின் தண்ணிய ரெண்டாவது தொட்டிக்கு திருப்பி விட்டு மொதல் தொட்டி ஷட்டரை எறக்கினாங்க. வெளி பம்ப்பு போட்டு தண்ணிய கொறைச்சதுல அடியில ஒண்ணரை அடிக்கு கருப்பு ஸ்லட்ஜு, அதாவது கழிவுச் சேறு மட்டும் நின்னுச்சு.

9:40க்கு மூடிய தொறந்தாங்க. அழுகின முட்டை நாத்தம் கொடலைப் பொரட்டுச்சுன்னு ஃபிட்டரே அப்புறம் சொன்னாரு. கொஞ்ச நேரம் தொறந்தே விடுவோம்னு விட்டுட்டு அங்கயே பக்கத்துல நின்னு பேசிட்டு இருந்திருக்காங்க. கால் மணி நேரத்துல நாத்தம் போயிருச்சு. "கேஸெல்லாம் போயிருச்சுங்க, எறக்கலாமா"ன்னு எனக்கு போன் வந்துச்சு.

நான் அப்ப பாய்லர்கிட்ட இருந்தேன், ஃபீட் பம்ப்பு சீல் போயி சுடுதண்ணி ஒழுகிட்டு இருந்துச்சு. "சரி எறக்குங்க, பாத்து"ன்னு சொன்னேன். பெர்மிட் புக்குல பத்து பேஜுக்கு முன்கூட்டியே கையெழுத்து போட்டு வெச்சிருந்தேன், ஒவ்வொரு தடவையும் என்னைத் தேடி அலைய வேணாம்னு. அன்னைக்கு அந்த பேஜுல கேஸ் ரீடிங் கட்டத்துல "ஓகே"ன்னு எழுதியிருந்துச்சு. மீட்டர் பீரோவுல இருந்துச்சு.

எறங்கினது ஒடிசா பையன், 24 வயசு, ஹெல்பரா சேர்ந்து அஞ்சு மாசம். மூஞ்சில துணி மாஸ்க். கையில கயிறு குடுத்தாங்க, அது பம்ப்புக்கு கட்ட, அவன் இடுப்புக்கு இல்ல.

10:26ல இருந்து 10:55 வரைக்கும்

எறங்கி ஸ்லட்ஜுக்குள்ள கால வெச்சு ரெண்டு மூணு நிமிஷம் வேலை செஞ்சிருக்கான். அந்த நேரம் பாத்து சைடு வாய்ல தண்ணி கொட்டற சத்தம் கேட்டிருக்கு. பையன் நிமிந்து ஏதோ சொல்ல வாய தொறந்தவன் அப்படியே செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டான். இடுப்பு வரைக்கும் ஸ்லட்ஜு, தலை மேல இருந்துச்சு. அந்த ஒண்ணுலதான் அவன் பொழைச்சான்.

மேல நின்னது மூணு பேர். ஃபிட்டர், இன்னொரு ஹெல்பர், அப்புறம் ஈடிபி (கழிவுத்தண்ணி சுத்திகரிப்பு) லேப்ல பிஹெச், அதாவது தண்ணியோட அமில-கார அளவு பாக்குற அக்கா, சாம்பிள் எடுக்க அப்பதான் பாட்டிலோட வந்தாங்க. பையன் சாஞ்சதும் ஃபிட்டர் உடனே எறங்கிட்டாரு, ரெண்டு படி எறங்கியும் ஆச்சு. அக்கா பாட்டிலை கீழ போட்டுட்டு அவர் சட்டைய பின்னாடி இருந்து புடிச்சு இழுத்திருக்காங்க. பட்டன் ரெண்டு பிஞ்சு போச்சு. "எறங்காதீங்கண்ணா, நீங்களும் உளுந்துருவீங்க"ன்னு கத்தியிருக்காங்க, அவர் கெட்ட வார்த்தைல திட்டியிருக்காரு, "சாகறான் பாருடி, உடு"ன்னு. அவங்க உடல. இன்னொரு ஹெல்பரையும் சேர்த்து மேல இழுக்க சொல்லியிருக்காங்க.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கோணும். ஃபிட்டர் செஞ்சது நம்ம யாரா இருந்தாலும் செஞ்சிருப்போம். கண்ணு முன்னாடி கூட வேலை செய்யறவன் சாயறான், 12 அடி, ஒரு கை குடுத்தா போதும்னுதான் தோணும். அமெரிக்கால தொழில் பாதுகாப்பு பாக்குற நியோஷ் 1986லயே எழுதி வெச்சிருக்கு, இந்த மாதிரி மூடின எடத்துல செத்தவங்கள்ல 60 சதவீதத்துக்கு மேல காப்பாத்த எறங்கினவங்கதான்னு. நம்ம ஊர்ல செப்டிக் டேங்க் செய்தி எல்லாத்துலயும் ரெண்டு பேரு மூணு பேருன்னு வர்றது அதனாலதான். அக்கா ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்துல ஒரு நாள் டிரெய்னிங் போயிருந்தாங்க, அங்க இதைச் சொல்லியிருக்காங்க. எங்க ஆளுங்கள்ல அந்த டிரெய்னிங்குக்கு அனுப்பினது அவங்க ஒருத்தரைத்தான், அதுவும் மெயின்டனன்ஸ்ல யாருக்கும் அன்னைக்கு நேரமில்லன்னு.

அடுத்து அவங்க செஞ்சதுதான் பையனை காப்பாத்துச்சுன்னு நெனைக்கிறேன். ஏரேஷன் தொட்டிக்கு காத்து தள்ற ப்ளோயர் இருவது அடி தள்ளி ஓடிட்டே இருந்துச்சு, அதுல டிஃப்யூஸர் (தண்ணிக்குள்ள காத்தை குமிழியா விடறது) கழுவறதுக்குன்னு ஒரு ஹோஸ் தனியா இருக்கும். அதை இழுத்துட்டு வந்து மேன்ஹோல் வழியா பையன் மூஞ்சி உயரத்துக்கு எறக்கி வால்வை தொறந்து விட்டாங்க. ஸ்லட்ஜுக்குள்ள படாம பாத்துகிட்டாங்க, பட்டா கலங்கி இன்னும் கேஸ் வரும்னு அவங்களுக்கு தெரிஞ்சிருக்கு. ஹெல்பர் ஓடிப் போயி தண்ணி வர்ற ஷட்டரை அமுக்கி மூடினான். ஹோஸ் எறங்கினப்ப 10:29, 10:30 இருக்கும்.

எனக்கு போன் வந்து நான் ஓடி வந்து சேர்ந்தது 10:31. வந்ததும் நானும் எறங்கத்தான் பாத்தேன், பொய் சொல்ல விரும்பல. அக்கா மேன்ஹோல் முன்னாடி நின்னுட்டு "101க்கு சொல்லியாச்சு சார், நீங்க கேட்டுக்கு போயி வண்டிக்கு வழி காட்டுங்க"ன்னாங்க. எனக்கு கீழ வேலை பாக்குறவங்க எனக்கு ஆர்டர் போட்ட ஒரே நாள் அதுதான். போனேன்.

10:35 வாக்குல பையன் மொனகினான், கை அசைஞ்சுது. கயிறுல சுருக்கு போட்டு எறக்கி "பகடோ பகடோ"ன்னு கத்தினோம், புடிச்சான், ஆனா புடிக்கு பலம் இல்ல, விட்டுட்டான். 10:47க்கு ஃபயர் சர்வீஸ் வந்துச்சு, முதுகுல சிலிண்டர் மாட்டின ரெண்டு பேர்ல ஒருத்தர் எறங்கி பெல்ட் போட்டு, 10:55க்கு வெளிய எடுத்தாங்க. 108 வண்டி கேட்ல ரெடியா நின்னுச்சு.

ஏன் நடந்துச்சு

ஒரு வாரம் உக்காந்து லாக் புக்கு எல்லாம் எடுத்து வெச்சு பாத்ததுல தெரிஞ்சது இது.

கேஸ் எங்கிருந்து வந்துச்சுன்னா, நாம போடற உப்புல இருந்துதான். காட்டன் துணிக்கு சாயம் ஏற கிலோ கிலோவா க்ளாபர் உப்பு போடறோம், அது சோடியம் சல்ஃபேட். தண்ணி அசையாம கெடந்தா அடியில காத்து போகாத ஸ்லட்ஜுல இருக்குற பாக்டீரியா பஞ்சு மாதிரி கழிவைத் தின்னுட்டு அந்த சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடுங்கற விஷ வாயுவா மாத்திரும். ரெண்டு நாள் லீவு, ஏப்ரல் வெயில், தின்ன பஞ்சு, வேற என்ன வேணும் அதுக்கு. அது காத்தைவிட கொஞ்சம் கனம், அடியிலயே படுத்துக்கும், கால வெச்சு மிதிச்சா சோடா பாட்டிலை குலுக்கின மாதிரி வெளிய வரும்.

சாதாரண நாள்ல ஏன் வரலைன்னு கேட்டா, சாயத்தண்ணி காரத்தன்மை உள்ளது, பிஹெச் 9, 10ன்னு இருக்கும், அந்த நெலமைல சல்ஃபைடு தண்ணிக்குள்ளயே கரைஞ்சு நிக்கும், கேஸா வராது. பிஹெச் எறங்க எறங்கத்தான் கேஸா கெளம்பும். அன்னைக்கு 10:20க்கு ஒரு மெஷின்ல சாயம் முடிஞ்சு அசிட்டிக் ஆசிட் போட்ட நியூட்ரல் பாத்தை (துணில இருக்குற காரத்தைக் கொறைக்கற தண்ணி) வடிச்சிருக்காங்க. ரெண்டாவது தொட்டி ரொம்பி வழியற மாதிரி இருந்துச்சுன்னு ஃப்ளோர் சூப்பர்வைசர் ஒருத்தர் வந்து மொதல் தொட்டி ஷட்டரை பாதி தூக்கி விட்டுட்டு போயிட்டாரு. தொட்டிக்குள்ள ஆள் இருக்கான்னு அவருக்கு தெரியாது. ஷட்டர்ல பூட்டும் இல்ல, போர்டும் இல்ல. ஆசிட் தண்ணி மேல இருந்து விழுந்து ஸ்லட்ஜையும் கலக்கி, பிஹெச்சையும் எறக்கிச்சு.

நாத்தம் போனதை வெச்சு கேஸ் போச்சுன்னு முடிவு பண்ணினோம் இல்ல, அதுதான் இதுல ரொம்ப மோசமான இடம். ஹைட்ரஜன் சல்ஃபைடு 1 பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்கு) கூட இல்லாதப்பவே மூக்குக்கு தெரியும். ஆனா 100 பிபிஎம் பக்கம் போனா சில நிமிஷத்துல மூக்கு மரத்துரும், வாசனையே தெரியாது. அதே 100 பிபிஎம்தான் உயிருக்கு உடனடி ஆபத்துன்னு வெச்சிருக்குற அளவு. 700, 1000ன்னு போனா ரெண்டு மூச்சுல ஆள் சாஞ்சுருவான். கம்மியான அளவுலயும் ரொம்ப நேரம் நின்னா மூக்கு பழகிரும், அன்னைக்கு ஃபிட்டரும் ரெண்டு ஹெல்பரும் மூடிகிட்டயே நின்னு பேசிட்டு இருந்தாங்க. கேஸ் போனதா, மூக்கு போனதான்னு மூக்கை வெச்சே எப்படி கண்டுபுடிக்கறது. மீட்டர்தான் சொல்லும், அது பூட்டுக்குள்ள இருந்துச்சு. துணி மாஸ்க் தூசிக்குத்தான், கேஸுக்கு அது இருந்தும் இல்லாததும் ஒண்ணு.

அப்ப நடைமுறைல இருந்த தொழிற்சாலைச் சட்டம் 1948ல 36ஆம் பிரிவு இதைத்தான் சொல்லிச்சு. உள்ள கேஸ் இருக்க வாய்ப்பு இருந்தா, தகுதியான ஆள் தானே சோதிச்சு பாத்து எழுதி குடுக்கோணும், இல்லேன்னா எறங்கறவன் மூச்சுக் கருவி போட்டு இடுப்புல பெல்ட் கட்டி அந்த கயிறோட மறுமுனைய வெளிய ஒருத்தர் புடிச்சிருக்கோணும். நான் எழுதித்தான் குடுத்தேன், சோதிக்கல. பத்து பேஜுக்கு ஒரே நாள்ல.

ரெஜிஸ்டர்ல என்ன எழுதறது

அன்னைக்கு சாயங்காலம் ஆபீஸ்ல நடந்த பேச்சையும் சொல்லியாகோணும். "படியில வழுக்கி உளுந்துட்டான்னு எழுதிருங்க, ஈஎஸ்ஐ எப்படியும் கெடைக்கும், கேஸுன்னு எழுதினா இன்ஸ்பெக்டர் வந்து நிப்பாரு"ன்னு ஒரு யோசனை வந்துச்சு. சொன்னவர் கெட்டவர் இல்ல, 200 குடும்பத்துக்கு வேலை போயிரும்னு பயந்தாரு. நானும் அரை மணி நேரம் பேசாமதான் உக்காந்திருந்தேன்.

முடிவை மாத்தினது ஆஸ்பத்திரில இருந்து வந்த போன். டாக்டர் என்ன ஆச்சுன்னு கேக்கறாரு, வழுக்கி விழுந்ததுன்னா ஒரு வைத்தியம், கேஸ் அடிச்சதுன்னா வேற. அவருக்கு பொய் சொல்ல முடியாது. டாக்டர்கிட்ட ஒண்ணும் ரெஜிஸ்டர்ல ஒண்ணும் இருந்தா அது எத்தனை நாளைக்கு நிக்கும். உள்ளது உள்ளபடி விபத்து அறிக்கை எழுதி ஈஎஸ்ஐக்கும் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கும் அனுப்பினோம். இன்ஸ்பெக்டர் வந்தாரு, நோட்டீஸ் வந்துச்சு. பட்டறைய மூடல.

எடுத்த முடிவுங்க

மொதல் கூட்டத்துல எல்லாரும் சொன்னது மீட்டர் வாங்கலாம், ஹார்னஸ் வாங்கலாம், ட்ரைபாட் வாங்கலாம்னு. வாங்கினோம். ஆனா லேப் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "எதுக்கு சார் எறங்கறோம்?" பம்ப்பு எடுக்க. "பம்ப்பு எதுக்கு அடைக்குது?" பஞ்சு. "பஞ்சை மேலயே புடிச்சா?"

இதுல வெட்கப்பட வேண்டியது என்னன்னா, பதில் அவ்வளவு சின்னது. தொட்டிக்கு முன்னாடி வாய்க்கால்ல துருப்பிடிக்காத ஸ்டீல் சல்லடைக் கூடை ரெண்டு, ஒண்ணு மாத்தி ஒண்ணு தூக்கி கழுவலாம். பம்ப்புக்கு ரெண்டு பக்கம் கைடு பைப்பு நிறுத்தி நிரந்தரமா ஒரு செயினு மாட்டி, மேல இருந்தே செயின் பிளாக்குல தூக்கற மாதிரி மாத்தினோம். அடியில போயி போல்ட் கழட்ட வேண்டியதில்ல, பம்ப்பு தன் கனத்துலயே எறங்கி பைப்புல உக்காந்துக்கும். ரெண்டு தொட்டிக்கும் சேர்த்து ஆன செலவு பையனோட ஆஸ்பத்திரி, பட்டறை நின்ன நாள், வக்கீல், இதெல்லாம் கூட்டினா வர்றதுல பாதி கூட இல்ல.

லீவு விட்டாலும் தொட்டியில காத்து அடிக்கற லைன் ஓடோணும்னு வெச்சோம், தண்ணி செத்துப் போகாம இருக்க. ஷட்டருக்கு பூட்டு, சாவி எறங்கறவன் பாக்கெட்ல, வேற யாருக்கும் இல்ல. மீட்டர் ஈடிபி லேப்ல மேஜை மேல, பூட்டு கெடையாது. பெர்மிட்ல "ஓகே"ங்கற வார்த்தைய தடை பண்ணிட்டோம், நம்பர்தான் எழுதோணும்: ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்கு மேல, ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம்முக்கு கீழ, மேல நடுல அடியில மூணு எடத்துலயும், எறங்கினப்புறமும் மீட்டர் அவன் சட்டையிலயே இருக்கோணும். கையெழுத்து தொட்டிகிட்ட நின்னுதான், வேற எடத்துல போட்டா செல்லாது.

போர்டு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் இருந்துச்சு, எறங்கின பையனுக்கு ரெண்டும் படிக்கத் தெரியாது. ஹிந்தி, ஒடியா சேர்த்தோம், படமும் போட்டோம். போர்டை விட உதவினது மாசம் ஒரு தடவை செய்யற பயிற்சி, 50 கிலோ மூட்டைய தொட்டிக்குள்ள விட்டு, யாரும் எறங்காம வெளிய எடுக்கோணும்.

அதுக்கப்புறம்

பையன் நாலு நாள் ஐசியு, மொத்தம் 11 நாள் ஆஸ்பத்திரி. ஸ்லட்ஜு தண்ணி நுரையீரலுக்கு போயி நிமோனியா ஆயிருச்சு. உடம்பு தேறிச்சு, ஆனா ரொம்ப மாசத்துக்கு தலைவலியும் மறதியும் இருந்துச்சு. சொன்னது சொன்ன உடனே மறந்துரும். ஊருக்கு போயி அஞ்சு மாசம் கழிச்சு திரும்பி வந்தான், துணி மடிக்கற செக்ஷன்ல போட்டோம்.

ஃபிட்டர் அக்காகிட்ட ரெண்டு வாரம் பேசல. ஒரு பையனை சாகட்டும்னு விட்டவன்னு ஊர் பேசுமேன்னு அவருக்கு. இன்ஸ்பெக்டர் வந்தப்ப, மேல இருந்து மீட்டரை கயிறுல கட்டி அடியில விட்டு காமிச்சாரு, அன்னைக்கு காத்து அடிச்சு மூணு நாள் ஆகியும் ஸ்லட்ஜை கம்பால கலக்கினதும் மீட்டர் கத்த ஆரம்பிச்சுது. ஃபிட்டர் அதை பாத்துட்டு ஒண்ணும் பேசாம போயிட்டாரு. மறுநாள் அக்காவுக்கு டீ வாங்கிட்டு வந்து குடுத்தாரு, அவ்வளவுதான்.

எல்லாம் சுளுவா போச்சுன்னு நெனைக்க வேணாம். ரெண்டாவது வாரமே நைட் ஷிப்ட்ல யாரும் சல்லடைய கழுவாம பஞ்சு அடைச்சு வாய்க்கால் பொங்கி சாயத்தண்ணி துணி அடுக்குன எடத்துக்கு போயிருச்சு. சல்லடைய தூக்கி வீசுங்கன்னு புரொடக்ஷன்ல ஒரே சத்தம். நியாயம் அவங்க பக்கமும் இருந்துச்சு, கழுவறது யாரு வேலைன்னு நாங்க எழுதவே இல்ல. மெஷின் ஆப்பரேட்டர் ஒவ்வொரு லாட் துணிக்கும் பாத்து வேலை செய்யற லாட் கார்டுலயே ஒரு வரி சேர்த்தோம், பாத் வடிக்கறதுக்கு முன்னாடி கூடை மாத்தோணும்னு. அதுக்கப்புறம் நின்னுச்சு. அடுத்த 14 மாசத்துல தொட்டிக்குள்ள ஆள் எறங்கினது ரெண்டே தடவை, ரெண்டும் ஸ்லட்ஜு வாரறதுக்கு, மூச்சுக் கருவியோட வந்த வெளி கான்ட்ராக்டர் ஆளுங்க.

மறுபடி செய்யறதா இருந்தா

பம்ப்பு மாடலை ஆறு வருஷம் முன்னாடியே மாத்தியிருக்கலாம். முப்பது தடவை எறங்கினதுக்கு ஒரு கணக்கு எழுதியிருந்தாலே அந்த நம்பரே கேட்டிருக்கும், ஏன் இத்தனை தடவைன்னு. நாங்க விபத்தை எண்ணினோம், எறங்கினதை எண்ணல.

டிரெய்னிங்குக்கு மெயின்டனன்ஸ் ஆளுங்களை மொதல்ல அனுப்பியிருப்பேன். ஃபயர் சர்வீஸ்காரங்களை சும்மா ஒரு நாள் வரச்சொல்லி தொட்டி எங்க இருக்குன்னு காமிச்சிருப்பேன், அன்னைக்கு கேட்ல இருந்து தொட்டிக்கு வர்ற வழியில துணி வண்டி நின்னு ரெண்டு நிமிஷம் போச்சு.

இன்னொண்ணு, எங்க பட்டறைல ஆள் எறங்கற எடம் எத்தனைன்னு கேட்டா நான் மூணுன்னு சொல்லியிருப்பேன். ஆறு மாசம் கழிச்சு லேப் அக்காவும் நானும் ஒரு நோட்டோட சுத்தி வந்து எண்ணினோம். 11 வந்துச்சு. உப்புத்தண்ணி தொட்டி, சாஃப்ட்னர் வெசல், பாய்லர் ஃபீட் டேங்க், லிஃப்ட் குழின்னு போயி, பதினொண்ணாவது குடிதண்ணி சம்ப்பு. அதுல மாசம் ஒருக்கா ஹவுஸ்கீப்பிங் அம்மா ஒருத்தர் ஏணி போட்டு எறங்கி ப்ளீச்சிங் பவுடர் போட்டு தேய்ச்சு கழுவிட்டு இருந்தாங்க. உள்ள எரியலையான்னு கேட்டேன். "கண்ணு எரியும் சார், முந்தானைய மூக்குல சுத்திக்குவேன்"ன்னாங்க. அடுத்த நாள்ல இருந்து அந்த மூடிக்கும் பூட்டு.